மல்லாட்டைச் சீர்

செல்வி ஒன்று கேட்டு நான் மறுத்து, கடைசியில் நான் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. என் சீர்த்தட்டுக் கடையை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. அதற்குள் வந்து நிற்கிறாள். புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களாம். செல்போனில் வீடியோ பார்த்துத் தட்டு அலங்காரம் கற்றுக்கொண்டவர்களாம். கை சுத்தமாம், வேகமாம்.

"ஆனா அக்கா, அதுங்களுக்கு தட்டுதான் தெரியுது. தட்ட தூக்கிக்கினு போற ஆள தெரியல. நீங்க வாயால சொன்னா மறந்துடுவாங்க, எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதுகிறேன். ஆனால் எனக்கு அடக்கமாக எழுத வராது. செங்கம் சாலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் 'கூடைக்கார விஜயா' என்றால் தெரியாத விசேஷ வீடு கிடையாது. வளைகாப்பு, நிச்சயதார்த்தம், கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று எத்தனை சபைகளில் என் கூடையும் தட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன! அதைச் சொல்லிக்கொள்ள நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

நான் முதன்முதலில் கூடை கட்டியது விற்பதற்காக இல்லை. மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். மார்கழி, தையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அறையில் ஒரு பழக்கூடை வைப்பது அந்த விடுதியின் வழக்கம். அதைச் செய்துகொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். "நாளையிலிருந்து நீ வை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார் மேனேஜர் மேடம். எப்படி வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நன்றாக இருக்கிறது என்று எதையும் சொன்னதும் இல்லை. நான் கூடையைக் கட்டி மேசைமேல் வைத்தால், கைப்பிடியில் இரண்டு விரலை விட்டுத் தூக்குவார். மாடிப்படி ஏறுவார், ஏறும்போதே கூடையை முன்னும் பின்னும் ஆட்டுவார். ஒரு சப்போட்டா உருண்டு விழுந்தாலும் குனிய மாட்டார், திரும்பியும் பார்க்க மாட்டார். அதைத் தாண்டிக்கொண்டு மேலே போய்விடுவார். பின்னாலேயே போகும் நான் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் வாரம் முழுக்க அந்தப் படிக்கட்டில் பழம் பொறுக்கியதுதான் என் படிப்பு.

அப்படித்தான் கூடை கட்டக் கற்றேன். அடியில் செய்தித்தாளைக் கசக்கி வைத்தால் அது அமுங்கும், மேலே இருப்பதெல்லாம் ஆடும். அதனால் வைக்கோலை நனைத்து, பிழிந்து, முறுக்கி, கூடைக்குள் ஒரு சும்மாடு மாதிரி சுற்றி வைப்பேன். கனமானது நடுவில், கைப்பிடிக்கு நேர் கீழே. தேங்காயோ பப்பாளியோ அங்கேதான் உட்கார வேண்டும். அதைச் சுற்றி மாதுளை, ஆரஞ்சு. இடுக்குகளில் எலுமிச்சை. வாழைப்பழம் கடைசியில், அதுவும் கூடை அறைக்குப் போகும் நேரத்தில்தான். முன்னாலேயே வைத்தால் மற்றதையும் சேர்த்துப் பழுக்கவைத்துவிடும். கொய்யாவை அறவே விட்டுவிட்டேன். அதன் வாசனை மூடிய அறைக்குள் ஆளைக் கொன்றுவிடும்.

ஒருநாள் மேடம் கூடையை எடுத்தார், ஆட்டினார், மாடி ஏறினார், ஒன்றும் விழவில்லை. அறைக்குள் வைத்துவிட்டு வந்து, "ஏழாம் நம்பர் ரூம்ல குழாய் ஒழுகுது" என்றார். அதுதான் பாராட்டு. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லி அரை மணி நேரம் பெருமை அடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கூடையை வழவழப்பான கண்ணாடித்தாளில் சுற்றுவது அப்போதுதான் வந்த நாகரிகம். எனக்கும் ஆசை வந்து வாங்கிச் சுற்றினேன். மலையடிவாரத்துக் குரங்குகள் அந்தத் தாளின் சரசரப்பை ஒரே வாரத்தில் அடையாளம் கண்டுகொண்டன. ஒரு ஜெர்மனிக்கார அம்மா கூடையை வராந்தாவில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தார். நிமிர்ந்தபோது கூடை வேப்பமரத்தின் உச்சியில் இருந்தது. குரங்கு உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல் ஒவ்வொன்றாக அவர் தலைமேலேயே விழுந்தது. பாவம், அவர் கைகூப்பிக் கும்பிட்டார். அன்றிலிருந்து மலைப் பக்கம் போகும் கூடைக்குத் துணிதான் என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் கடையில் அதுதான் சட்டம்.

ஊருக்குத் திரும்பும் விருந்தினர்கள் தங்களுக்கு உதவியவர்களுக்குக் கொடுக்க என்னிடம் கூடை கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு விடுதிக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் கேட்டார்கள். ஒரு கட்டத்தில் தைரியம் வந்து, வேலையை விட்டுக் கடை போடப் போகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த சீசனுக்கு முப்பது கூடை வேணும். ஆட்டிப் பாத்துதான் எடுப்பேன்" என்றார். என் கடையின் முதல் ஆர்டர் அதுதான். கடைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வந்த ஆர்டர்.

பழக்கூடை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் இல்லாத மாதங்களில் பிழைக்க முடியாது. அதனால் சீர்த்தட்டுக்கு வந்தோம். செல்வி சேர்ந்தது அப்போதுதான். அவள் விரலுக்கு ரிப்பன் கட்டுப்படும், வாய் யாருக்கும் கட்டுப்படாது. எனக்குப் பிடித்துப்போனது.

சீர்த்தட்டில் பழக்கூடையைவிட ஆபத்து ஜாஸ்தி. கூடையில் ஒரு பழம் அழுகினால் மாற்றித் தரலாம். சபையில் ஒரு தட்டு தப்பாகப் போனால் அந்தக் குடும்பம் பல வருடம் அதையே பேசும். தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மஞ்சள் குங்குமத் தட்டு முதலில் போக வேண்டும். தேங்காயை மொட்டையாக உரித்து மினுக்கக் கூடாது, குடுமி இருக்க வேண்டும். எவ்வளவு அழகாக இருந்தாலும் கறுப்பு ரிப்பன் கூடாது. இதெல்லாம் வீடியோவிலும் சொல்வார்கள். புதுப் பெண்கள் அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும். வீடியோவில் வராததுதான் ஏழுமலை விஷயம்.

ஏழுமலை கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயி. நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, பேச்சு கம்மி. ஒரு பங்குனி மாதம் கடைக்கு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னா விசேஷம் தம்பி?" என்று நானே கேட்டேன்.

"தங்கச்சி பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி. நான் தாய்மாமன். இருவத்தோரு தட்டு வேணும்க்கா" என்றார். பட்டுப்புடவை, பாவாடை தாவணி, வளையல், இனிப்பு, பழம் எல்லாம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மஞ்சள் குங்குமத்துக்கு அடுத்த தட்டு மல்லாட்ட" என்றார்.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி கூரையைப் பார்த்தாள்.

"மல்லாட்டையா? கடசியில வேணா ஒரு ஓரமா..."

"ரெண்டாவது தட்டு" என்றார் அவர். "எவனும் சிரிக்கவும் கூடாது."

"தம்பி, சிரிக்கிறவன் வாய நான் இன்னா தெச்சா அனுப்ப முடியும்?"

"அத நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். காபி வாங்கிக் கொடுத்த பிறகுதான் விஷயம் வந்தது. தங்கை தனத்தை அடி அண்ணாமலையில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை ஹார்டுவேர் கடைக்காரர். அவர்கள் புது வீடு கட்டிப் புகுந்தபோது ஏழுமலை தன் கொல்லை நிலத்தில் விளைந்த மல்லாட்டையில் நல்லதாகப் பொறுக்கி ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் வெள்ளி விளக்கும் மிக்ஸியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான் மூட்டைய கால்ல தள்ளிப் பாத்தாரு. 'இன்னா மச்சான், செக்குக்கு போற வழியில இங்க எறங்கிட்டியா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சாப்புடாம வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்த வாசப்படி மிதிக்கல."

இப்போது பெண் பெரியவளானதும் தனம் அவர் கொல்லைக்கே தேடிப் போயிருக்கிறாள். 'நீ வந்து சீர் வெக்கலன்னா என் பொண்ண மணையில ஒக்கார வெக்க மாட்டேன்' என்று வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தங்கைக்காகப் போக வேண்டும். போனால் தலை நிமிர்ந்து போக வேண்டும். எதற்காகச் சிரித்தார்களோ அதையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீம்பு என்றால் வீம்புதான். எனக்கு அந்த வீம்பு பிடித்திருந்தது. மறுபடியும் சிரித்துவிட்டால் இந்த மனிதர் செத்தாலும் அந்த வீட்டுப் பக்கம் போக மாட்டார், அண்ணன் தங்கை உறவு அதோடு முடிந்தது என்பதும் தெரிந்தது.

நானும் செல்வியும் உட்கார்ந்து யோசித்தோம். ஒரே அளவாகக் காய்களைப் பொறுக்கி, தோலைத் துடைத்துப் பளபளப்பாக்கி, குளூ கன்னால் ஒட்டி, தோகை விரித்த மயில் ஒன்று செய்தோம். கழுத்துக்கு நீலம், தோகைக் கண்ணுக்குச் சமிக்கி. செல்வியின் விரலெல்லாம் கொப்புளம். ஆனால் மயில் என்றால் மயில்! கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மல்லாட்டை என்று சொன்னால்தான் தெரியும்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் ஏழுமலை வந்தார். மயிலை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். தோகையில் ஒரு காயைப் பிடித்து மெல்ல இழுத்தார். வரவில்லை.

"இத திங்க முடியாதாக்கா?"

"சீர்த்தட்ட யாரு தம்பி திங்கப் போறாங்க? பாக்கறதுக்குத்தானே."

"பாப்பாவுக்கு மல்லாட்டன்னா உசுரு" என்றார். "லீவுல எங்க கொல்லிக்கு வந்தா செடியோட புடுங்கி, மண்ண தட்டிட்டு நின்ன எடத்துலயே திம்பா. இத அவகிட்ட குடுத்தா ஒரு காய்கூட ஒடைக்க முடியாது. மயிலு நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் மயிலு கேக்கலியே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. செல்வி கொப்புள விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் வேலையை இப்படி ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறாரே என்று வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. யாரும் சிரிக்கக் கூடாது என்று அவர் கேட்டார். நாங்கள் சிரிப்புக்குப் பயந்து மல்லாட்டையையே தெரியாமல் மறைத்துவிட்டோம். அவர் அதைச் சபையில் காட்டத்தான் எங்களிடம் வந்திருந்தார்.

"கொல்லியில இன்னும் செடி நிக்குதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பாத்தி புடுங்காம நிக்குது."

"விடிஞ்சதும் புடுங்குங்க. ஒரு காய்கூட அறுந்து விழாம, ஈரச் சாக்குல சுத்திக் கொண்டாங்க."

விடியற்காலையில் கொண்டுவந்தார். இலையெல்லாம் பனியோடு இருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இலைப் பக்கம் பிடித்துக்கொண்டு, வேரை மட்டும் முக்கி முக்கி எடுத்தோம். தேய்த்தால் காய் காம்போடு வந்துவிடும், அதனால் மண் தானாகக் கரைய வேண்டும். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகு காயெல்லாம் வெளுத்து வந்தது. பழைய பருத்தி வேட்டியில் ஒற்றி எடுத்தோம். மஞ்சளான இலையைக் கிள்ளினோம், பிஞ்சுக்காயை நறுக்கினோம். பிறகு செடிகளைத் தலைகீழாகத் திருப்பி, உயரமானது நடுவிலும் குட்டையானது சுற்றிலுமாக அடுக்கி, இடுப்பில் வாழைநாரால் இறுக்கினோம். மேலே கொத்துக் கொத்தாகக் காய், கீழே பச்சை இலைப் பாவாடை. பித்தளைத் தட்டில் வெற்றிலை பரப்பி அதன் நடுவில் நிறுத்தினோம். கண்ணாடித்தாள் சுற்றவில்லை. சுற்றியிருந்தால் வியர்த்து இலை கறுத்துவிடும். ரிப்பன்கூட இல்லை. தூக்கி ஆட்டிப் பார்த்தேன், ஒரு காய் உதிரவில்லை. செல்வி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மயில விட இதுதான்க்கா" என்றாள். அவளுக்குப் பெரிய மனசு.

அடுத்த சிக்கல் பௌர்ணமி. விழா மண்டபம் கிரிவலப் பாதையில்தான் இருந்தது. முதல் நாள் இரவோடு கிரிவலம் முடிந்துவிடும், மறுநாள் காலையில் பாதை காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர்கள் நாள் குறித்திருந்தார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டே இப்படித் தப்புக்கணக்கு போடுவது எங்களுக்கு மட்டும்தான் கைவந்த கலை. திதி காலையிலும் நீடித்தது, கூட்டம் வடியவில்லை. மண்டபத்துக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது போலீஸ்காரர் சீர்த்தட்டு ஏற்றிய எங்கள் வேனை நிறுத்திவிட்டார்.

"வண்டி போவாதும்மா. நடந்து போங்க."

தட்டு இருபத்தொன்று. ஏழுமலையின் மனைவி, அண்ணன் தம்பி குடும்பம், நான், செல்வி என்று எல்லாரையும் சேர்த்தாலும் பதினான்கு பேர்தான். ஒரு கையில் ஒன்றாக இரண்டு தட்டு தூக்குவது வழக்கமில்லை. ஏழுமலையின் முகம் சுண்டிவிட்டது. பாதி சீரோடு போய் நிற்பதா?

அப்போது கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்றார். காலில் செருப்பில்லை, நெற்றி நிறைய விபூதி. "தாய்மாமன் சீரா? குடும்மா, நாங்க தூக்கறோம். போற வழிதானே" என்றார். அவரோடு வந்த பெண்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். எந்த ஊர், என்ன பெயர் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு ஏழுமலையின் மனைவி. அடுத்து மல்லாட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏழுமலை. "சீர் வருது, வழி வுடுங்க" என்று அந்த அம்மா குரல் கொடுக்க, அத்தனை கூட்டமும் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. எத்தனையோ பெரிய வீட்டுச் சீருக்கு மேளம் வைத்துப் போயிருக்கிறேன். இப்படி ஒரு ஊர்வலம் எந்தப் பணக்காரனுக்கும் அமைந்ததில்லை.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். தூக்கி வந்த பெண்கள் தட்டுகளை உறவினர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பாதைக்குத் திரும்பிவிட்டார்கள். தனம் அண்ணனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் புதுப் பட்டுச் சட்டையில் நின்றிருந்தார். தட்டையே பார்த்தார்.

உள்ளே போகும்போது யாரோ ஒருவர், "இன்னா ஏழுமல, கொல்லியவே புடுங்கிக்கினு வந்துட்டியா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஏழுமலையின் தோள் இறங்கியது. நான் அந்த ஆளைத் தேடினேன், கையில் கிடைத்தால் கடித்திருப்பேன்.

ஏழுமலை நிற்கவில்லை. மேடை ஏறி, மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்னால் தட்டை வைத்தார். நகையும் பூவும் கழுத்தை அழுத்த, தலை குனிந்து வாடிப்போய் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள்.

"ஐ, மல்லாட்ட!"

வளையல் குலுங்கக் கையை நீட்டி ஒரு காயைப் பறித்தாள். பல்லால் கடித்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"கை வெக்காதம்மா, மொதல்ல போட்டோ எடுத்துக்கறேன்" என்று போட்டோக்காரர் கத்தினார்.

அவள் காதிலேயே வாங்கவில்லை. இன்னொன்று, இன்னொன்று. "மாமா, பால் மாதிரி இருக்குது மாமா" என்றாள். பிறகு ஒரு கொத்தைப் பிய்த்து, பக்கத்தில் நின்றிருந்த அப்பாவிடம் நீட்டினாள். "அப்பா, நீயும் துன்னு பாரு."

அவர் பெண்ணைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார். ஒரு காயை உடைத்து மென்றார். தோலைக் கீழே போடாமல் அந்தப் பட்டுச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை உடைத்தார்.

"காலையிலேந்து பசிக்குது பசிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்திச்சி மச்சான், யாரும் கவனிக்கல" என்றார். பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ வந்து இங்க ஒக்காரு" என்றார்.

ஏழுமலை உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தனம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செல்வி அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் செல்வி சண்டைக்கு வருவாள்.

அதற்குப் பிறகு அந்தத் தட்டை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. பெண்ணின் தோழிகள், பிள்ளைகள், கிண்டல் செய்த அந்த ஆள் உட்பட ஆளுக்கொரு கொத்து பறித்தார்கள். பட்டுப்புடவைத் தட்டை எட்டிப் பார்க்க ஒருவருமில்லை. சற்று நேரத்தில் பித்தளைத் தட்டில் வேரும் கசங்கிய இலையும் வாழைநாரும்தான் மிச்சம். போட்டோக்காரர் தேடிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதானே தட்டு வெச்சவங்க? சீர் வரிசய மொத்தமா ஒரு போட்டோ எடுக்கணும்மா. இந்த ஒண்ண ஓரமா எடுத்துடட்டுமா?"

"எடுக்காதீங்க தம்பி. அது எடத்துலயே இருக்கட்டும். மொதல்ல அத தனியா ஒண்ணு எடுங்க, எனக்கு வேணும்" என்றேன். "அது நான் வெச்ச தட்டு."